அக்கறையுள்ள எதிரி

அத்தியாயம் 5

“பதினெட்டு வருஷமா அடுத்தவங்க கக்கூஸ் தொட்டியில கைய விட்டுப் பொழைக்கிறேன் பாஸ். நாத்தமெல்லாம் பழகிப்போச்சு. ஆனா இந்த டுவெய்ன் வாயைத் திறந்தா மட்டும் இன்னும் குமட்டுது” என்றான் கிளீட் இமோஜினிடம்.

கேரவன் வீடுகளை நிறுத்த இடம் வாடகைக்கு விடும் பார்க்கின் முதலாளி டுவெய்ன் ஓட்ஸ் அது காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தார். விழாதது மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி பதினொன்றரை. ரெண்டு மணிக்கு லைல் வண்டி என் கேட்டுக்கு வெளிய நிக்கணும். அதுவரைக்கும் என்னத்த வேணா தோண்டிக்கங்க. ரெண்டு அடிச்சா கரண்ட்டைப் புடுங்கிடுவேன்.”

“அந்தாளு ஆக்சிஜன் மிஷின் கரண்ட்டுலதான் ஓடுது சார். புடுங்கினா மூச்சு நின்னுடும்.”

“நிக்கட்டும். கேட்டுக்கு வெளிய நிக்கட்டும்.”

சொல்லிவிட்டு டுவெய்ன் தன் பேட்டரி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இமோஜின் தாக்கர் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. பதினாலாம் எண் இடத்தில் நின்ற வெர்னாவின் கேரவனின் பக்கவாட்டில் முழங்காலிட்டு, கழிவுத் தொட்டியின் வால்வை மூக்குக் கண்ணாடி வழியாக பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, பொய் சொல்பவர்களைப் பிடித்தவள். ஓய்வு பெற்ற பிறகு குளிர்காலத்துக்கு யூமா பாலைவனம், கோடைக்கு மலை என்று பழைய கேரவனில் சுற்றுகிறாள். போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் வழக்கோடு வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள். இந்தத் தடவை தட்டியவன் கிளீட். பார்க் பார்க்காகப் போய்க் கேரவன் குழாய் ரிப்பேர் பார்ப்பவன். கை சுத்தம், வாய் சுத்தமில்லை.

“நேத்து காலையில நீ வந்தப்போ என்னென்ன எப்படி இருந்துச்சு? திரும்பச் சொல்லு” என்றாள் இமோஜின்.

“எட்டு மணியிலேர்ந்து பார்க்கு மொத்தமும் கிளப் ஹவுஸ்ல பான்கேக் தின்னுக்கிட்டு இருந்துச்சு. வெர்னாவும் அவங்க மக கிரெட்சனும் அங்கதான். ஒன்பதரைக்கு நான் இந்தப் பக்கமா வரேன், கதவுக்குக் கீழ இருந்து தண்ணி ஒழுகுது. தண்ணின்னு மரியாதைக்குச் சொல்றேன்.”

“அப்புறம்?”

“வால்வு மூடியிருந்துச்சு. தொட்டியைக் கழுவுறதுக்கு வெளிய இருக்குதே ஒரு வாய், அதுல பச்சை ஹோஸ் மாட்டி, தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. போக வழியில்லாத தண்ணி என்ன பண்ணும்? கக்கூஸ் வழியா மேல ஏறி, ஒரு வாரத்துச் சரக்கையும் கூட்டிக்கிட்டு ஹாலுக்கு வந்துடுச்சு. ஒம்போது நாளைக்கு முன்னாடி ஒரு தடவை இதே மாதிரி ஆச்சு. அப்போ வெர்னா மறதியில விட்டுட்டாங்கன்னு எல்லாரும் நெனச்சோம். இந்தத் தடவை பச்சை ஹோஸ்ல மார்க்கர் பேனாவால ‘லைல்’னு எழுதியிருக்கு. பான்கேக் திங்க வராத ஒரே ஆளும் லைல்தான். அப்புறம் விசாரணை எதுக்கு? லைலைப் பார்க்கை விட்டுத் துரத்தணும்னு கையெழுத்து வேட்டை, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. நாப்பத்தோரு கையெழுத்து.”

“நீ போட்டியா?”

கிளீட் தலையைச் சொறிந்தான். “நாப்பதாவது.”

வெர்னா ஹால்வர்சன் அழுதுகொண்டு நின்றபோது யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். பதினோரு குளிர்காலமாக அவளை அவனுக்குத் தெரியும். அவன் வேலை தெரிந்த பிறகு அவனுக்குக் கைகொடுக்கக்கூட மற்றவர்கள் யோசிப்பார்கள். வெர்னா மட்டும்தான் வேலை முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு, மேஜையில் உட்கார வைத்து, தான் குடிக்கிற கோப்பையிலேயே காபி ஊற்றிக் கொடுப்பாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்கு உறுத்தியது. லைலுக்கு இருபது அடி நடக்க இரண்டு தடவை உட்கார வேண்டும். அந்த உறுத்தலில்தான் இமோஜினின் கதவைத் தட்டினான்.

“ஒரு இடத்துக்கு ஒரு குழாய்தான் கிளீட். அதுல பச்சை ஹோஸ் இருந்துச்சுன்னா, வெர்னாவோட குடிதண்ணி ஹோஸ் எங்க போச்சு?”

“வெள்ளை ஹோஸா? அந்தா, அந்தக் கொக்கியில தொங்குச்சு. நான்தான் எடுத்துத் திரும்பக் குழாயில மாட்டினேன். கழுவி விடணும்ல?”

“எப்படித் தொங்குச்சு?”

“எப்படின்னா... சுருட்டி, ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு திருகி, அதுமேல பிளாஸ்டிக் பை கட்டி. பிளீச்சிங் வாசனை அடிச்சுது.”

இமோஜின் மெல்ல எழுந்து நின்றாள்.

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?”

“யாரு பாஸ் என்கிட்ட ஹோஸைப் பத்தி ஆசையா விசாரிக்கிறாங்க? பையைக் கழட்டிக் குப்பையில போட்டேன். அவங்க பான்கேக் தின்னுட்டு வந்தப்போ தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு.”

“வா, பதினஞ்சாம் நம்பருக்குப் போவோம்.”

லைல் பிகெட் தன் கேரவனின் படியில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் ட்யூப். உள்ளே மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. எழுபது வயது, எலும்பும் கோபமும்தான் பாக்கி.

“வாடா கக்கூஸ் டாக்டர். நாப்பதாவது கையெழுத்து உன்னோடதாமே. அழகா இருந்துச்சுன்னு டுவெய்ன் சொன்னான்.”

“தப்புதான் பெருசு. அதுக்குத்தான் இவங்களைக் கூட்டியாந்திருக்கேன்.”

“முதல்ல தண்ணி குடு. நேத்துலேர்ந்து இல்ல.”

கிளீட் வண்டியிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து வந்தான். லைல் ஒரு பாட்டிலை நிறுத்தாமல் குடித்தான். குடித்து முடிக்கும் வரை இமோஜின் பொறுத்திருந்தாள்.

“ஏன் தண்ணி இல்ல?”

“ஹோஸை சாட்சின்னு டுவெய்ன் தூக்கிட்டுப் போயிட்டானே. அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு.”

கிளீட் முகத்தைச் சுளித்தான். “பெருசு, தோட்டத்து ஹோஸ்லயா இத்தனை நாளா குடிச்சிக்கிட்டு இருந்தே? குடிக்கிறதுக்கு வெள்ளை, கழுவுறதுக்குப் பச்சைன்னு கேரவன்ல பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியுமே!”

“எனக்கு இருக்கிற நுரையீரலுக்கு வெள்ளை என்ன, பச்சை என்ன.”

“வெர்னாவுக்கும் உனக்கும் என்ன பகை?” என்றாள் இமோஜின்.

“என் மிஷின் சத்தத்துல தூக்கம் வரலைன்னு அவ புகார் குடுத்தா. உன் மூக்கு சிந்துற சத்தத்துல எனக்கு வரலைன்னு நான் சொன்னேன். எந்நேரமும் மக, மக, மக. அந்தப் பொண்ணுக்குப் போன் அடிப்பா, அது எடுக்காது. ஆறு வருஷம் எட்டிப் பாக்கல. இப்போ வீட்டுக்குள்ள பீ வந்ததும் ஓடி வந்துடுச்சு.” லைல் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. “என்னைத் துரத்தினா எங்க போவேன் அம்மணி? ஜனவரி மாசம், எல்லாப் பார்க்கும் ஃபுல். வெளிய பாலைவனத்துல நிறுத்தலாம், அங்க கரண்ட் கெடையாது. சிலிண்டர் ஒண்ணு இருக்கு. ஏழு மணி நேரம் வரும்.”

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

இமோஜின் இரண்டு கேரவன்களுக்கும் நடுவில் போய் நின்றாள். வெயில் உச்சியில் இருந்தாலும் காற்றில் குளிர் இருந்தது.

“கிளீட், உன் எதிரி வீட்டுக்குள்ள பீயை விடணும்னு முடிவு பண்ணிட்டே. குழாயில அவனோட குடிதண்ணி ஹோஸ் மாட்டியிருக்கு. நீ என்ன பண்ணுவே?”

“அதையே கழட்டித் தொட்டி வாயில சொருகுவேன். ஒரு வாரம் வயித்தாலயும் போகட்டும்.”

“இந்த எதிரி அப்படிப் பண்ணல. வெள்ளை ஹோஸைப் பக்குவமாக் கழட்டி, பிளீச்சிங்ல தொடச்சு, பை கட்டி, தெறிக்காத உயரத்துல மாட்டுறான். அப்புறம் பக்கத்து இடத்துக்குப் போய், தான் தண்ணி குடிக்கிற ஒரே ஹோஸைக் கழட்டிட்டு வந்து பீத்தொட்டியில மாட்டுறான். அதாவது லைல் தன் தண்ணியைக் கெடுத்துக்கிட்டு, வெர்னாவோட தண்ணியைக் காப்பாத்தியிருக்கான்.”

“ரொம்ப அக்கறையுள்ள எதிரி” என்றான் கிளீட். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று அவனுக்கு உறைத்தது. “பாஸ், வேணாம்.”

“நேத்து நீ குழாயை மூடினப்போ எத்தனை சுத்து சுத்தினே?”

கிளீட் தன் வலது கையைப் பார்த்தான். கைக்கு ஞாபகம் இருந்தது. “கால் சுத்துதான். லேசாத் தொறந்திருந்துச்சு.”

“முழுசாத் தொறந்தா பதினஞ்சு நிமிஷத்துல வீடு நிரம்பும். அதனாலதான் அந்த நேரத்துல பக்கத்துல இருந்த லைல்மேல எல்லாரும் பாஞ்சாங்க. கால் சுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், குழாய்க்காரனே?”

“ஒண்ணரை மணி நேரம்” என்றான் கிளீட் சுருதி குறைந்து. “தொறந்துட்டு நிம்மதியா பான்கேக் திங்கப் போயிடலாம்.”

“கிரெட்சனுக்கு எப்போ விமானம்?”

“நேத்து மத்தியானம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டா. இனிமே அம்மாவைத் தனியா விட முடியாதுன்னுட்டா. நாளைக்குக் காலையில டுலூத்துல தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா, ஒரேயடியா.” அவன் குரலைத் தாழ்த்தினான். “பாஸ், ஒரு நாள்தான். அவங்க போயிடட்டும். நாளைக்கு டுவெய்ன்கிட்ட சொல்லிக்கலாம்.”

“லைல்கிட்ட ஏழு மணி நேரச் சிலிண்டர் இருக்கு.”

“நான் போய் டுவெய்ன் காலைப் புடிக்கிறேன்.”

“அவன் காலை நாப்பத்தோரு பேர் ஏற்கெனவே புடிச்சிருக்காங்க. நீயும் ஒருத்தன்.”



ஒன்றரைக்கே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. யார் பார்க்கை விட்டுப் போனாலும் இங்கே இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். கேரவனை ட்ரக்கில் கோக்கும்போது பின்னால் நின்று வழி சொல்லிக் கை காட்டுவார்கள், கையசைத்து அனுப்புவார்கள். அன்றைக்கு மடக்கு நாற்காலி, கூலிங் கிளாஸ் சகிதம் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி பாப்கார்ன் கொண்டுவந்திருந்தாள். இத்தனை பேரும் லைலுக்கு என்றாவது ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்ததைக் கிளீட் பார்த்ததில்லை.

பதினாலாம் எண்ணின் வாசல் பந்தலில் வெர்னாவும் கிரெட்சனும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னா எழுபத்திரண்டு வயதிலும் துள்ளிக்கொண்டிருந்தாள். நேற்று வீடு முழுக்க மலம் மிதந்தவள் மாதிரியே இல்லை.

“கிளீட்! வாப்பா. காபி போட்டிருக்கேன், எல்லாருக்கும். அங்க போனா குளிர்ல செத்துடுவேன்னு நெனைக்கிறேன், பரவாயில்ல, கிரெட்சன் வீட்டுல எனக்குத் தனி ரூம்!”

கிரெட்சன் நாற்பது வயதுக்காரி, கலகலப்பு இல்லாத முகம். அம்மா நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டாள். டுவெய்னும் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினார்.

“என்னம்மா துப்பறியும் அம்மா, ஏதாவது கெடைச்சுதா?”

“கெடைச்சுது” என்றாள் இமோஜின், கிரெட்சனைப் பார்த்து. “அந்தக் காபியைக் குடிக்காதீங்க.”

கோப்பை பாதி வழியில் நின்றது.

“ஏன்?”

“லைலோட ஹோஸ் கண்துடைப்பு. முதல்ல தொட்டிக்குள்ள சொருகினது உங்க அம்மாவோட வெள்ளை ஹோஸைத்தான். நேத்துலேர்ந்து நீங்க குடிக்கிற தண்ணியெல்லாம் அது வழியாத்தான் வருது.”

கிரெட்சன் முகம் வெளுத்தது. காபியை மண்ணில் கொட்டினாள். குனிந்து ஓங்கரித்தாள். “அய்யோ... நேத்து ராத்திரி மூணு கிளாஸ் குடிச்சேனே... என்னால முடியாது. இன்னொரு நிமிஷம் இங்க இருக்க முடியாதும்மா. நான் ஹோட்டலுக்குப் போறேன்.”

கார்ச் சாவிக்காகக் கைப்பையைத் துழாவினாள். வெர்னா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இல்லடி கண்ணு, பொய்! அது சுத்தம்! அது தொட்டிப் பக்கமே போகல. பிளீச்சிங் போட்டுத் தொடச்சு, ரெண்டு முனையையும் திருகி, பையில கட்டி மேல கொக்கியில மாட்டியிருந்துச்சு. ஒரு சொட்டுத் தெறிச்சிருக்காது, நீ குடிக்கிற தண்ணியில நான் அப்படி...”

சொல்லிக்கொண்டே வந்தவள் இமோஜினின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“கிளீட்” என்றாள் இமோஜின்.

அவன் வாழ்க்கையில் பேசியதிலேயே கஷ்டமான பேச்சு அது. தரையைப் பார்த்துச் சொன்னான். “நீங்க கிளப் ஹவுஸ்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே நான் அதை எறக்கி, பையைத் தூக்கிப் போட்டுட்டேன் வெர்னா. கொக்கியில தொங்கினதை என்னைத் தவிர யாரும் பாக்கல.”

பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். எல்லோருக்கும் புரிய அரை நிமிடம் ஆனது. கிரெட்சனுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. தன் மணிக்கட்டிலிருந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“முதல் தடவையும் நீதானா?”

“போன் எடுக்க மாட்டேங்கறியே கண்ணு. பதினேழு தடவை அடிச்சேன்.”

“என் கல்யாணத்தன்னைக்கு நெஞ்சு வலின்னு படுத்தே. ஆம்புலன்ஸ் வந்து, ஒண்ணுமில்லைன்னுட்டுப் போனாங்க. நான் தேனிலவுக்குப் போகல. அதனாலதான்மா ஆறு வருஷமா வரல. பைத்தியம் மாதிரி இந்த ஒம்போது நாளா நெனைச்சுக்கிட்டு இருந்தேன், நான்தான் தப்போன்னு. முழங்கால் போட்டு உன் பீயை அள்ளினேன். அள்ளிக்கிட்டே அழுதேன், உன்னைத் தனியா விட்டுட்டேனேன்னு.”

“இப்போ திருந்திட்டேன்டி. நாளைக்கு உன்கூட வந்து...”

“பக்கத்துல ஒரு மனுஷன் சாகப் போறான். அது தெரிஞ்சுதான் காபி போட்டுக்கிட்டு இருந்தியா?”

வெர்னா அவள் கையை மறுபடி பிடிக்கப் பார்த்தாள்.

கிரெட்சன் தன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டாள். வாடகைக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. யாரும் கையசைக்கவில்லை.

டுவெய்ன் தொண்டையைச் செருமினார். “ரூல் ரூல்தான். கழிவைக் கொட்டினவங்க ரெண்டு மணிக்குள்ள வெளிய. லைல், நீ இருந்துக்க. வெர்னா, உனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு.”

“பதினோரு வருஷமா இங்க இருக்கேன் டுவெய்ன்.”

“வெய்ட்டிங் லிஸ்ட்டுல முப்பது பேர் இருக்காங்க வெர்னா.”

நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. துரத்த வேண்டிய ஆளைத்தான் மாற்றிக்கொண்டார்கள். நேற்று வெர்னாவைக் கட்டிப்பிடித்து அழுதவள் இப்போது பக்கத்திலிருந்தவளிடம், “எனக்கு முதல்லயே சந்தேகம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெர்னா ஹோஸ்களைச் சுருட்டினாள். வெள்ளையின் முனைகளைப் பழக்கத்தில் ஒன்றோடொன்று திருகினாள். பிறகு இமோஜினிடம் வந்து, மிக அமைதியாகக் கேட்டாள்.

“நாளைக்குக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?”

“நாளைக்கு லைல் இருந்திருக்க மாட்டான்.”

“அவனுக்கு யாரு இருக்கா? அழறதுக்கு ஒரு நாய்கூடக் கெடையாது. எனக்கு மக இருந்தா.”

இமோஜின் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். “அதனாலதான் அவனைத் தேர்ந்தெடுத்தியா?”

“வேற யாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்றே?” என்றாள் வெர்னா. கேள்வி அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது கிளீட்டுக்குத் தெரிந்தது.

ட்ரக்கைப் பின்னால் எடுத்துக் கேரவனோடு கோக்க வேண்டும். கை காட்ட ஒருவராவது வேண்டும். நாற்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா ஒரு தடவை பின்னால் வந்தாள், கோணலாகப் போனது. மறுபடி முன்னால் போய் மறுபடி வந்தாள். யாரோ சிரித்தார்கள். கிளீட் காலடி எடுத்து வைப்பதற்குள் பதினஞ்சாம் எண்ணின் படியிலிருந்து லைல் எழுந்தான். சிலிண்டரைச் சக்கரத்தில் இழுத்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ட்ரக்கின் பின்னால் வந்து நின்றான். கையை உயர்த்தினான்.

“இடது பக்கம் ஒடி. இன்னும். போதும். நேரா வா... வா... வா...”

துல்லியமாகக் கை காட்டினான். வெர்னா கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொக்கி சரியாக விழுந்தது. லைல் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தான்.

“பெரிய மனசு லைல் உனக்கு” என்றாள் வெர்னா.

“மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ தனியாப் பண்ணியிருந்தா அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் உன் மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது.”

கூட்டம் கைதட்டியது. டுவெய்ன்கூடத் தட்டினார்.

கேரவன் மெதுவாக நகர்ந்து கேட்டுக்குப் போனது. இடது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை, வடக்கே இரண்டாயிரம் மைலில் டுலூத். வலது பக்கம் பாலைவனம். இடது விளக்கு சிமிட்டியது. பிறகு அணைந்து வலது விளக்கு சிமிட்டியது. பிறகு அதுவும் அணைந்தது. வெர்னா கேட்டை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“பாஸ், நான் போய் ஏதாவது பேசட்டுமா?” என்றான் கிளீட்.

“என்ன பேசுவே?”

அவன் யோசித்தான். அதற்குள், லைல் இடத்துக்கென்று டுவெய்ன் முன்பே வரவழைத்து, இப்போது பதினாலாம் எண்ணுக்காகக் கேட்டுக்கு வெளியே காத்திருந்த புதுக் கேரவன்காரர்கள் பொறுமை இழந்து, உள்ளே வர வழி விடச் சொல்லி, வெர்னாவைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார்கள்.